வாயால் மூடிய வால்வு

"பாஸ் பண்ண பரிட்சைய எவளாவது மறுபடியும் எழுதுவாளா?" என்று கேட்டார் ராஜ்மோகன் அண்ணன். டீ கிளாஸைக் கையில் பிடித்திருந்தார், குடிக்கவில்லை.

"நான் எழுதறேண்ணா."

"மார்க்கு பத்தலையா? ஃப்ரேம் போட்டு வூட்டுல மாட்டப்போறியா?"

பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரில் இருக்கும் அந்தக் கடையில், ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள். நான் பேசாமல் நிற்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. சூளையைப் பார்த்துக்கொள்பவளுக்குக் காத்திருப்பதுதான் பாதி வேலை. ஆனால் அன்று என் மௌனம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் நானும் அவரும் ஒரே நாளில்தான் கேஸ் சூளை இயக்குநர் தேர்வை எழுதினோம். எங்களோடு இன்னும் இரண்டு பேர். காலையில் எழுத்து, மதியம் செய்முறை. அன்று கேஸ் லாரி வரவில்லை. தேர்வு நடத்த வந்தவருக்குச் சேலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. சூளையில் தீ அணைந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் போதும் என்றார். சொன்னோம். கேஸ் வால்வை மூடுவோம். காற்று ஊதும் ப்ளோயரை ஓடவிடுவோம். உள்ளே தேங்கிய கேஸ் வெளியே போகும்வரை காத்திருப்போம். அதன்பிறகுதான் பற்றவைப்போம். நான்கு பேருக்கும் முழு மதிப்பெண். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எந்த வால்வையும் தொடவுமில்லை.

இப்போது எங்கள் யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் கலியமூர்த்தி மாமா ஓய்வு பெறுகிறார். அவர் இடத்தில் பகல் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு என்று முதலாளி ஜெயராஜ் சொல்லிவிட்டார். சூளைக்கு முன்னால் இனி எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் பத்தடி தள்ளி வளர்மதியும் மற்றப் பெண்களும் மின்சார ஃபியூஸுக்கான பீங்கான்களை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்துத்தான் மறுபடியும் விண்ணப்பித்தேன்.

"ரூலு தெரியுமில்ல?" என்றார் அண்ணன். "ரெண்டாவது தரம் எழுதினா அதுதான் செல்லும். ஃபெயிலானா பழசும் போச்சு."

"தெரியும்."

"நீ போறது உன்னோட இஷ்டம். நான் ஓமனுக்குப் போறது அந்த சர்டிபிகேட்ட வெச்சிதான். அன்னிக்கு கேஸே இல்லன்னு நீ போய் சொன்னன்னா, என்னோடதையும் தோண்டுவாங்க. விசா வந்துருக்குது அன்பு."

அவர் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் இறங்கியது. கேலி செய்யும்போது அவருக்குப் பதில் சொல்வது சுலபம். இப்போது கஷ்டமாக இருந்தது.

"நல்லா வெந்து வந்த ஃபர்ஸ்ட் குவாலிட்டிய யாராவது மறுபடி உள்ள வெப்பாங்களா? சொல்லு."

சரக்கோடு சரக்காக ஒவ்வொரு முறையும் சூளைக்குள் ஒரு கூம்பு வைப்போம். விரல் உயரம்தான் இருக்கும். சூடு சரியாக ஏறினால் அது தலைசாயும், அதைப் பார்த்துத்தான் தீயை நிறுத்துவோம். மீட்டர் வந்த பிறகும் கூம்பு வைக்காமல் இந்த ஊரில் யாரும் சூளை மூட்டுவதில்லை.

"போன வாரம் கூம்பு சாஞ்சிதேன்னு இந்த வாரம் கூம்பு வெக்காம வுடுவியாண்ணா?" என்றேன்.

அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார்.

தேர்வு, தொழிற்பேட்டையின் பொதுச் சூளையில் நடந்தது. இந்த முறை தேர்வு நடத்தியவர் பெரியநாயகி மேடம். என் பழைய சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இருக்கறது போதாதா?"

"அன்னிக்கு கேஸ் இல்ல மேடம். வால்வ வாயாலதான் மூடினேன்."

அவர் சிரிக்கவில்லை. "உன்கூட எத்தனை பேரு?"

வெளியே யாரோ தள்ளுவண்டியில் களிமண் கொண்டு போகும் சத்தம் கேட்டது, அது தேயும்வரை நின்றேன். பொய் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. இன்னொருவரின் உண்மையை அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதும் அதே அளவு தெளிவாக இருந்தது.

"என்னப் பத்திதான் மேடம் என்னால சொல்ல முடியும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆரம்பி" என்றார்.

நிதானமாகப் பற்றவைத்தேன். சூளை அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தது, பார்வைத் துளைக்குள் சுவர் இன்னும் கறுப்பாகவே தெரிந்தது. மேடம் எனக்குப் பின்னால் குழாய் ஓரமாக நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"சொந்த ஊரே இதுவா?"

"கம்மாபுரம் மேடம். நிலம் போனதுக்கு அப்புறம் இங்க..."

தீ அணைந்தது. பின்னால் மெயின் குழாயை அவர் மூடியிருந்தார்.

என் கை போனது. பற்றவைக்கும் பொத்தானுக்குப் போனது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம். வால்வு திறந்தபடியே இருந்தது.

குழாயில் கேஸ் இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சத்தம் மட்டும் எனக்குள் நின்றது.

"உள்ள கேஸ் தேங்கி இருந்திருந்தா?" என்றார் மேடம்.

"வெடிச்சிருக்கும் மேடம்."

"வாயால நல்லா சொல்ற."

"அது மூணு வருஷமா தெரியும் மேடம்."

இப்போது அவர் லேசாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஃபெயில் போட்டார்.

கை ஏன் அங்கே போனது என்பது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் சூளையில் என் கண் முன்னால் தீ அணைந்ததெல்லாம் உச்சச் சூட்டில்தான். உள்ளே சுவர் சிவந்திருக்கும், கேஸ் பட்டதுமே தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் மெருகு கெட்டுவிடும் என்று கலியமூர்த்தி மாமா பாய்ந்து பற்றவைப்பார். சரக்கு தப்பும், அவரைப் பாராட்டுவோம். அதைப் பார்த்துப் பார்த்து என் கை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. கறுப்புச் சூளையில் அதே வேகம் ஆளைக் கொல்லும். வாய் ஒன்றைப் படித்திருந்தது, கை வேறொன்றைப் படித்திருந்தது. பழைய தேர்வு வாயை மட்டும் கேட்டது.

ஜெயராஜ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கையில இருந்ததையும் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே! உன்ன எவன் கேட்டான்?"

"யாரும் கேக்கல சார். அதான் நானே போனேன்."

"பேச்சப் பாரு! இப்ப பொறுப்ப யாருக்குக் குடுக்கறது?"

கலியமூர்த்தி மாமாவைத்தான் அடுத்த தேர்வுவரை இருக்கச் சொன்னார்கள். "எனக்கு ஆறு மாச சம்பளம் வாங்கிக் குடுத்துட்டியேம்மா," என்று என் முதுகில் தட்டினார் அவர். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பொறுப்பேற்ற பிறகு ஏதோ ஒரு காலையில், வளர்மதி பத்தடி தள்ளி நிற்கும்போது கேட்டிருக்க வேண்டிய 'க்ளிக்'கை நான் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அடுத்த முறை நான் தேறுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் சூளை மூட்டும்போது, நான் எதிர்பாராத நேரத்தில் மெயினை மூடச் சொல்லி மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளே கை பொத்தானுக்குப் போகாமல் நின்றது.

ஒருநாள் காலை ராஜ்மோகன் அண்ணன் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். டீக்கடைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. அடுத்த வாரம் விமானம்.

"மேடம்கிட்ட என் பேரச் சொன்னியா?"

"இல்ல."

தலையாட்டினார். அப்போதுதான் மூட்டியிருந்த சூளையைப் பார்த்தார். பிறகு பர்னருக்கு முன்னால் போய் நின்றார்.

"நீ பின்னால போய் மெயின மூடு. எப்பன்னு சொல்லாத."

நான் போய் வால்வின் மேல் கையை வைத்தேன். வளர்மதியையும் மற்றவர்களையும் வெளியே போகச் சொன்னேன். அண்ணனுக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

"ஓமன்ல இப்பவே வெயிலு கொளுத்துதாம். அங்க டைல்ஸ் சூளைங்க நம்ம தெரு நீளத்துக்கு இருக்குமாம். எனக்குக் கீழ பன்னெண்டு பேராம், அன்பு, பன்னெண்டு பேரு..."

மூடினேன்.

'க்ளிக்.'

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ," என்றார், அதே இடத்தில் நின்றபடி.

பர்னர் வால்வை அவரே மூடினார். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.