பொதுச் சுவர்

எங்கள் பக்கம் பூமி ஆடாது என்று படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆடிவிட்டது. மாசி மாதம் ஒரு விடியற்காலையில், அரிமளத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் கானம்பட்டியில் நூற்றுப் பதினான்கு வீடுகள் ஒரு நிமிஷத்துக்குள் மண்ணாகிவிட்டன. இப்போது வைகாசி. மிச்சமிருக்கிற எல்லோரும் வற்றிய கண்மாய்க்குள் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்களில் குடியிருக்கிறோம்.

இந்த நீலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடாரத்துக்குள் வெயில் நீலமாகத்தான் வரும். சோறு நீலம், கை நீலம், பக்கத்தில் படுத்திருப்பவள் முகம் நீலம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை. கண்மாய் நிறைந்திருந்தால் இந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் நாங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம் என்று தோன்றும். தரை லேசாக அசையும். அசைவது தரையில்லை, உங்கள் தலைதான் என்று முகாமுக்கு வந்த டாக்டர் சொன்னார். மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை போட்டால் தரை இன்னும் மெதுவாக அசைகிறது, அவ்வளவுதான்.

என் பெயர் கண்ணாத்தாள். பக்கத்தில் படுத்திருப்பவள் உண்ணாமலை, என் கொழுந்தன் ராமுவின் மனைவி. எனக்கு ஓரகத்தி. எங்களுக்குள் பேச்சு நின்று பதினோரு வருஷமாகிறது. நிவாரணத்துக்கு வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? கதவு எண்ணைப் பார்த்துக் கூடாரம் பிரித்தார்கள். பதினேழும் பதினேழு ஏ-யும் ஒரே கூடாரத்துக்குள் வந்துவிட்டன.

சண்டைக்குக் காரணம் ஒரு மிக்ஸி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என் மாமனார் அவ்வளவு சிக்கனம். அந்தச் சுவரில் இவள் மிக்ஸி வைக்கிறேன் என்று ஒரு சிலாப் பதித்தாள். அது மூன்று அங்குலம் என் பக்கம் துளைத்துக்கொண்டு வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் இரண்டு சொன்னாள். பிறகு நான் எத்தனை சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் அடைக்கலம் இறந்தபோது வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எழுந்து போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. ரோஷத்தில் அந்த வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி சளைத்தவர்கள் இல்லை.

ஆனாலும் ஒரு சுவரை வைத்துக்கொண்டு பேசாமலே குடித்தனம் நடத்த முடியாது. அதனால் ஜாடையில் பேசிக்கொள்வோம். என்னிடம் கருப்பி என்று ஒரு வெள்ளாடு இருந்தது. இன்னும் இருக்கிறது. "ஏ கருப்பி, தண்ணி வந்து அரமணி நேரமாச்சு. சில பேருக்குக் காது அடச்சுப்போச்சு போல" என்பாள். "ஏ கருப்பி, எங்களுக்கு எப்பப் புடிக்கணும்னு தெரியும்னு சொல்லு" என்று நானும் ஆட்டிடமே பதில் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கூடாரத்துக்கு வந்த பிறகும் இதே கதைதான். ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆட்டிடம் பேசுகிற இரண்டு பேரை நீங்கள் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்றைக்குக் காலையில் வீடு கட்டித் தரும் தொண்டு நிறுவனத்து இன்ஜினியர் ரகுநாத் வந்தார். சின்ன வயசு, பொறுமையாகப் பேசுவார்.

"அம்மா, தனி வீடுன்னா ஒரு ரூம்தான் வரும். ரெட்ட வீடுன்னா நடுவுல ஒரே செவரு, அந்த மிச்சத்துல ஆளுக்கு ஒரு ரூம் கூடுதலாக் கெடைக்கும். உண்ணாமலை அம்மா நேத்தே ரெட்ட வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுக்கு ஒங்க பேரத்தான் எழுதியிருக்காங்க. நீங்களும் போட்டாத்தான் செல்லும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட் முடியுது."

தாளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். கோணலான எழுத்தில் 'உண்ணாமலை ராமு' என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்த வீடு வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்காமல் எனக்கு இனி பொழுது விடியாது. ஆனால் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாமல் போட்டால் அந்தச் சுவரோரம் நான் ஒரு நாள்கூட நிம்மதியாகப் படுக்க முடியாது.

அந்த விடியற்காலையில் நான் கட்டிலில் கிடந்தேன். பெரிய சத்தம் கேட்டது. கண் திறந்தபோது பீரோ என்மேல் கூரைபோலச் சாய்ந்திருந்தது. ஒரு கால் மாட்டியிருந்தது, வலி தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு கீற்று வெளிச்சம் விழுந்து, அதில் தூசி பொன்னாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்தேனோ. அடைக்கலத்தின் பழைய ரேடியோ எங்கோ பாடுவதுபோல் இருந்தது. செத்தவர் ரேடியோ எப்படிப் பாடும் என்று யோசித்தேன், அதற்குள் அந்த யோசனையும் நழுவிப்போய்விட்டது.

அப்போதுதான் வெளியிலிருந்து குரல் வந்தது. "அக்கா, இருக்கீங்களா?"

உண்ணாமலை. வாசல் தெளிக்கப் போயிருந்ததால் தப்பித்திருக்கிறாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகக் கூப்பிடுகிறாள். நான் பதில் சொல்லவில்லை. மயக்கம் இல்லை, வாய் அடைக்கவும் இல்லை. ஊரே விழுந்தது எனக்குத் தெரியாது. என் வீடு மட்டும்தான் விழுந்தது, அதுவும் இவள் மிக்ஸி சிலாப் வைத்துச் சுவரைப் பலவீனமாக்கியதால்தான் விழுந்தது என்று நினைத்தேன். விழ வைத்துவிட்டு அக்காவாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். "இங்கிட்டுச் சத்தமே இல்ல, வாங்கடா அடுத்த தெருவுக்கு" என்று யாரோ சொன்னார்கள். கடப்பாரைகள் நகர்ந்தன. பிறகு நிசப்தம். தூசி சுற்றியது. சுகமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். மறுபடியும் அவள் குரல், இந்த முறை ஆட்டிடம். "ஏ கருப்பி, ஒன் எசமானி உசுரோட இருந்தா ஒரு தட்டுத் தட்டச் சொல்லு. ஊரு பூராம் விழுந்து கெடக்கு."

ஊரு பூராம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ கருப்பி, கால் மாட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்று கத்தினேன். அவள் ஓடிப்போய்ப் பையன்களைக் கூட்டிவந்தாள். என்னை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ராமு விடியுமுன்னே மோட்டார் போட வயலுக்குப் போயிருந்தான், அவன் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பியிருந்தாள். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் இல்லாமல் அவன் திரும்பி வந்து, பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் படுத்தது அவளுக்குத் தெரியாது.

அடுத்து அவள் வீட்டு மண்ணை அள்ளினார்கள்; மத்தியானம் அவனைப் பிணமாக எடுத்தார்கள். நான் தெருவில் ஒரு பாயில் கிடந்தேன். எடுத்த குணசேகரன் பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகச் சொன்னான். "ஒடம்புல சூடு ஆறலடா. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா ஆளத் தூக்கியிருக்கலாம்." நான் தூங்குகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மத்தியானத்து நீலத்தில் ராமு வருகிறான். கூடாரத்து வாசலில் சேற்றுக் காலோடு நிற்பான். "மதினி, த்ரீ பேஸ் வந்துருச்சா?" என்று கேட்பான். உயிரோடு இருந்தபோது எவ்வளவு மரியாதையோ அதே மரியாதை. ஒரு நாளாவது என்னைத் திட்டினால் தேவலை. திட்ட மாட்டேன் என்கிறான்.

இன்றும் வந்தான். கேட்டான். போய்விட்டான். எழுந்து உட்கார்ந்தேன். உண்ணாமலை விழித்துத்தான் கிடந்தாள். தாள் என் மடியில் இருந்தது. ஆட்டைத் தேடவில்லை. அவள் பக்கம் திரும்பினேன்.

"உண்ணாமலை, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ மொதல்ல அக்கான்னு கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. நாந்தான் வீம்புக்குப் பதில் சொல்லல. அப்பவே சொல்லியிருந்தா என்னய எடுத்துட்டு, ஒரு மணி நேரம் முந்தி ஒன் வீட்டுப் பக்கம் போயிருப்பாங்க. ராமுவுக்கு ஒடம்பு சூடு ஆறலன்னு குணசேகரன் சொன்னான். என் காதால கேட்டேன்."

சொல்லிவிட்டேன். இனி அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவாள் என்று காத்திருந்தேன். வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தீங்கன்னு. பசங்க அங்கிட்டுப் போன பின்னாடி நீங்க இருமுனீங்க. தூசி இருமல். எனக்குக் கேட்டுச்சு."

எனக்கு இருமின ஞாபகமே இல்லை. "அப்பறம் ஏன்டி பசங்களத் திருப்பிக் கூப்புடல?"

அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "பதினோரு வருஷங்கழிச்சு நான் எறங்கி வந்து அக்கான்னு கூப்புட்டேன். உசுரு இருந்தும் பதில் சொல்லாமக் கெடக்காங்களே, அவங்களாக் கூப்புடட்டும்னு செங்கல்லு மேல உக்காந்துட்டேன். ஊரே அழுவுது, எனக்கு அப்பவும் ரோஷம். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்க்கா. அவரு பத்தடி தள்ளி உள்ள கெடந்திருக்காரு."

மூன்று மாதமாக ஒரே பாயில், ஒரே நீலத்தில், என்னைப்போலவே அவளும் அந்த ஒரு மணி நேரத்தோடுதான் கிடந்திருக்கிறாள். எனக்காவது அவன் கொழுந்தன். அவளுக்கு?

"ஒங்களுக்காக நான் ரெட்ட வீடு கேக்கல" என்றாள். "இத வேற யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்? ஒங்க ஒருத்தருகிட்டத்தான் சொல்ல முடியும். அதுக்குத்தான் ஒங்க பேர எழுதுனேன்."

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். ராமுவுக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவளே நிமிர்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"மிச்சத்த அங்க போயி அழுவோம். மணி அஞ்சாகப் போகுது. கையெழுத்தப் போடுங்கக்கா."

போட்டேன்.