ரீஸ்லிங்: அவன் சட்டை

1

இந்தக் கதை என் மனைவியின் நோட்டிலிருந்து வந்தது. 'நான்' என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறது. அதனால் என் இடத்தில் பூவரசன். ஊர் ஏரிக்கரையில் தோணிரேவு, படிப்பு பி.காம்., தொழில் பைபர் படகில் மீன்பிடிப்பு. மனைவி வைஷ்ணவி, சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒயின் பரிமாறியவள். டெங்குவில் போய் எட்டு மாதம்.

(பழைய தொடக்கம்: 'ஏரி அன்று அமைதியாக' — வேண்டாம். ஏரிக்கு இதில் வேலை இல்லை.)

2

நோட்டில், இனிப்பு வெள்ளை ஒயின்களை அடையாளம் காண அவள் எழுதிவைத்த குறிப்புகள். மஸ்கட்: மல்லிகை, பன்னீர் திராட்சை. சொத்தெர்ன்: தேன், ஆரஞ்சுத் தோல், கிளாஸில் மெதுவாக வழியும். ரீஸ்லிங், பழையது: அவன் சட்டை.*

கல்யாணமான நான்கு வருடத்தில் அவள் பூவரசனை 'அவன்' என்றதே இல்லை. 'இன்னாங்க', 'அவரு', அவ்வளவுதான். அப்படியென்றால் சட்டை யாருடையது? ஹோட்டலில் அவளுக்கு ஒயின் கற்றுக்கொடுத்தவன் முரளி. சாவுக்கு வந்தபோதும் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான்.

* அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு. இதை நான் இட்டுக்கட்டவில்லை.

3

(முரளிக்கு வழுக்கை வைத்துப் பார்த்தேன். பொறாமை குறையவில்லை. முடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

பூவரசன் போன் செய்து, அந்த ஒயினோடு வரச் சொன்னான். முரளி வந்தான். கிளாஸைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், இனிப்பை மூக்கு கண்டுபிடிக்காது, நாக்குத்தான் என்றான். அவளுக்கும் இப்படித்தான் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பான். பூவரசன் முகர்ந்தான்.

"இன்னாய்யா, கிருஷ்ணாயில் கலந்து எட்டாந்துக்கிறியா?"

முரளி சிரிக்கவில்லை. பழைய ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடைதான் வரும் என்றான். பயிற்சியில் எல்லோரும் முகம் சுளித்தபோது வைஷ்ணவி மட்டும் கிளாஸைக் கீழே வைக்கவில்லையாம்.

"'என் வூட்டுக்காரன் சட்டை சார் இது. என்ஜினுக்கு கிருஷ்ணாயில் ஊத்திட்டு அப்படியே வந்து கட்டிப்பான், லூசு'னு சொன்னா."

பூவரசன் தன் காலரை முகர்ந்தான். பிறகு ஒரு வாய் குடித்தான். இனிப்பு.

4

இங்கே முடித்தேன். மறுநாள் படித்தபோது பொய்யாக இருந்தது. பொறாமை போகவில்லை, இடம் மாறியிருந்தது. 'கட்டிப்பான்', 'லூசு': இரண்டும் பூவரசனுக்குச் சேரவேண்டிய சொற்கள். அவன் கேட்டதே இல்லை. முரளி கேட்டிருக்கிறான்.

மாற்று முடிவு: பாட்டிலை ஏரியில் கொட்டுகிறான். இன்னொன்று: இருவரும் குடித்துத் தீர்க்கிறார்கள், முரளி அழுது —

இரண்டையும் அடித்துவிட்டேன். பூவரசனிடம் ஒரு கேள்விதான் பாக்கி. "வேற இன்னா சொன்னா?" கேட்டால், அவள் சொன்னதெல்லாம் முரளியின் குரலில் வரும். கேட்காவிட்டால், எல்லாம் முரளியோடு சென்னைக்குப் போய்விடும்.

நீங்களானால் கேட்பீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள். வாசலில் முரளி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறான்.