காதுக்கு எட்டுப் பேர்

நந்தகோபால் வாங்கிய இயர்போனில் காதுக்கு எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அட்டைப்பெட்டியிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. அதற்குக் கீழே ‘கலைஞன் நினைத்தது நினைத்தபடி’ என்றும், ‘விசாலமான மேடை’ என்றும் தங்க எழுத்தில் இருந்தது.

அவனுடைய பழைய இயர்போனில் காதுக்கு ஒரே ஆள்தான். பாவம், அந்த மனிதரே தவில் அடித்து, அவரே பாடி, அவரே ஜால்ராவும் தட்டுவார். பாட்டு முடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்குவது கேட்கும். நந்தகோபாலுக்கு அது பழகிப்போயிருந்தது. மேகலாவின் பதில் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவன் புதிதாக வாங்கியிருக்கவே மாட்டான்.

மேகலா காந்திபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நந்தகோபால் அதே தெருவில் பம்ப்செட் விற்பவன். இருவருக்கும் ஒரே பஸ். நேரில் பேச நாக்கு எழாமல், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். அவளும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பதில் பேசி அனுப்பிவிட்டாள். அவன் வாழ்க்கையே அந்தப் பதிலில் தொங்கியது. போன் ஸ்பீக்கரில் இருப்பவர் ஊர்வாய், தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். மூச்சு வாங்கும் ஆளிடம் ஒப்படைக்கவும் மனசு வரவில்லை. அவரை எக்ஸ்சேஞ்சில் கடையில் விட்டுவிட்டு இந்த எட்டுப் பேரைக் கூட்டி வந்தான். பழையவர் அன்றைக்கே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் இடது காதுக்காரர்கள் வரிசையாக மேசைமேல் இறங்கிக் கும்பிட்டார்கள். முதலாமவர் பருத்த ஆள், அதிர்வெல்லாம் அவர் பொறுப்பு. இரண்டாமவருக்கு ஆண் குரல். பெண் குரலில் கீழ்ப்பாதி மூன்றாமவருக்கு, மேல்பாதி நான்காமவருக்கு. அடுத்த மூவரும் ஜால்ரா, சலங்கை, விசில் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாமவர் மடிப்புக் கலையாத சட்டையில் சிரித்தபடி நின்றார்.

“உங்களுக்கு என்ன வேலைங்க?” என்று கேட்டான் நந்தகோபால்.

“நான் எண்ணிக்கைக்குங்க.”

வலது காதிலும் அதே ஏற்பாடுதான். நந்தகோபால் சாமியை நினைத்துக்கொண்டு பதிவைப் போட்டான். பஸ் எஞ்சின் அடிவயிற்றில் உறுமியது. கண்டக்டரின் விசில் பிசிறில்லாமல் வந்தது. யாரோ ஒரு பையில் கொத்தமல்லிக் கட்டு சரசரப்பதுகூடக் கேட்டது. மேகலாவை மட்டும் காணோம்.

அவன் இயர்போனைக் கழற்றி விசாரித்தான்.

“அந்தப் பொண்ணு குரல் என்ர எல்லை முடியற எடத்துல வருதுங்க,” என்றார் மூன்றாமவர். “தம்பி எடுத்துக்குவாருன்னு விட்டுட்டனுங்க.”

“அண்ணன் பாத்துக்குவாருன்னு நான் இருந்துட்டனுங்க,” என்றார் நான்காமவர். “அவர் எல்லையில நான் கால் வெச்சா நல்லாருக்குங்களா?”

அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் வரப்பு விஷயத்தில் இத்தனை மரியாதையாக இருந்து நந்தகோபால் பார்த்ததில்லை. எட்டுப் பேரையும் ஒரு காதிலும் மீதி எட்டுப் பேரை இன்னொரு காதிலும் போட்டுக்கொண்டு கடைக்கே திரும்பிப் போனான்.

கடைக்காரர் வெங்கிடுசாமி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

“பன்னெண்டு பேர் மாடல் எடுத்துக்கங்க தம்பி. ஆளுக்கு ஆள் எல்லை இன்னும் சின்னதா இருக்கும்.”

“அப்ப மேகலா குரல் கேக்குங்களா?”

“எல்லை ஜாஸ்தியானா எல்லையில விழற குரலும் ஜாஸ்தியாகுமுங்க. ஆனா பஸ்ஸு இன்னும் அருமையாக் கேக்கும்.”

நந்தகோபால் இயர்போனைக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தான். அப்போதுதான் அவன் கண்ணில் இடது காது எட்டாமவர் பட்டார். கவுண்டர்மேல் ஓர் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

“உங்களால முடியுங்களா?”

எட்டாமவர் காலரைச் சரிசெய்துகொண்டார். “எனக்கு எல்லையே கொடுக்கலீங்களே.”

“அதனாலதாங்க கேக்கறேன். எல்லை இல்லாதவர் எங்க வேணும்னாலும் நிக்கலாமுங்களே.”

வெங்கிடுசாமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணிக்கைக்கு இருப்பவர் வேலை செய்யக்கூடாது என்று எங்கும் போடவில்லை என்றார். எட்டாமவர் உள்ளே போனார். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவில் இருந்த வரப்பில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். நந்தகோபால் இயர்போனை மாட்டிக்கொண்டு பதிவை மறுபடி போட்டான். முதலாமவர் பெரிய மனசு பண்ணி பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்திவைத்தார்.

மேகலாவின் குரல் வந்தது.

“நீங்க அனுப்பிச்சதைக் கேட்டனுங்க. என்ர இயர்போன்ல காதுக்குப் பன்னெண்டு பேர். உங்க தெருவுல குக்கர் விசில் கேட்டுச்சு, பால்காரர் மணி கேட்டுச்சு. உங்க குரல் மட்டும் வரவே இல்லீங்க. நடுவுல ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. பஸ்ஸுல எம் பக்கத்துல நிக்கறப்பவும் நீங்க அப்படித்தான் ஒண்ணும் பேசாம நிப்பீங்க. அதனால என்ன கேட்டிருப்பீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சம்மதமுங்க. நீங்க கேட்டது வேற ஏதாச்சும்னா நாளைக்குப் பஸ்ஸுல சொல்லிடுங்க.”

நந்தகோபால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அத்தனை சந்தோஷம் அவனுக்கு. எட்டாமவரும் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடிப்புக் கலைந்துவிட்டது.

“இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?”

“சொல்லுங்க,” என்றான் நந்தகோபால். கடை சாத்தும்வரை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. மேகலாவின் அப்பா பீளமேடு வரைக்கும் அலைந்துவிட்டு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நந்தகோபால் அட்டைப்பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘விசாலமான மேடை’ என்பதைப் படித்தார். நந்தகோபாலின் இடது காதில் இயர்போனுக்குள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

“மேடை தாராளமா இருக்குதுங்க மாப்ள. பந்திக்குத்தான் கொஞ்சம் நெருக்கும்.”

அப்படியாக நந்தகோபாலின் இடது காதிலேயே கல்யாணம் நடந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த பழையவர் ஒற்றை ஆளாக நாதஸ்வரமும் தவிலும் வாசித்தார். எட்டாமவர் வாசலில் பன்னீர் தெளித்தார். மாப்பிள்ளை என்பதால் நந்தகோபால் எல்லோருக்கும் முன்பே உள்ளே போய்விட்டான். வந்தவர்களின் வண்டிகளை வலது காதில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பக்கத்து எட்டாமவர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.