முதலில் வளைவைத் தாண்டியவர்

அந்தப் பாறை வளைவைப் பற்றிய கதையை அளந்துவிட்டவள் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், காரில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை எழுப்புவதற்காக, "ஒரே வீட்டுக்காரங்க சேர்ந்து இதுக்குள்ளே நடந்தா, யார் கால் முதல்ல அந்தப் பக்கம் படுதோ அவங்க பேச்சுதான் வீட்டுல எடுபடும்" என்று எடுத்துவிட்டேன். பாறையின் வயதையும் உயரத்தையும் சொன்னபோது தூங்கியவர்கள், இதைக் கேட்டதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து அதுதான் என் பிழைப்பு. கார் என்னுடையது, ஓட்டுவதும் விளக்குவதும் நானே, ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். இப்போது மற்ற வழிகாட்டிகளும் என் புளுகைச் சொல்கிறார்கள், அதுவும் யாரோ ஒரு ராஜாவை நடுவில் சொருகி. கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, மகன், மருமகள். பெண்கள் இருவரும் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோரம். நடுவில் இன்னொரு குடும்பமே உட்காரலாம். மகன் முன்னால். அவனுக்கு மனதுக்குள் தலையாட்டி என்று பெயர் வைத்தேன். ஏசியைக் கூட்டவா என்றாலும் தலையாட்டினான், குறைக்கவா என்றாலும் தலையாட்டினான்.

"கடைசியாத்தான் வளைவு. கடல் உள்வாங்கியிருக்கும்போதுதான் அதுக்குள்ளே நடக்கலாம். இன்னிக்கு ஒரு மணிக்குத் தண்ணி ஏறிடும்" என்று கிளம்பும்போதே சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காலைப்பொழுது ஒழுங்காகப் போயிருக்கும்.

முதலில் கலங்கரை விளக்கம். மருமகள் என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனாள்.

"அக்கா, எப்படியாவது ஒரு மணிக்குள்ள வளைவுக்குப் போயிடணும். எனக்கு வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். அத்தை கூடவே கூடாதுங்கிறாங்க. இவரைக் கேட்டா, 'நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க'ன்னு நழுவுறார்."

"அதுக்கும் வளைவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பக்கத்து வீட்டுக்காரங்க இங்கே வந்துட்டுப் போய் அந்தக் கதையைச் சொன்னதிலேருந்து அத்தைக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை. நான் முதல்ல தாண்டிட்டா அப்புறம் மறுத்துப் பேச மாட்டாங்க. அவங்களுக்கு முட்டி வலி வேற." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அதற்குள் அந்த அம்மாள் காவலாளியைப் பிடித்துவிட்டிருந்தார். எத்தனை படி? கண்ணாடியை யார் துடைப்பது? வாரத்துக்கு எத்தனை தடவை? பகலில் விளக்கு சும்மாதானே இருக்கும், அப்போது உனக்கு என்ன வேலை? அந்த ஆளிடம் இப்படி யாரும் விசாரித்ததே இல்லை போல. உச்சி குளிர்ந்துபோய் உள்ளே கூட்டிக்கொண்டு போய் எண்ணெய்க் கிண்ணம் வரைக்கும் காட்டினான். முக்கால் மணி நேரம் போயிற்று.

அடுத்து யானைப் பாறையில், தும்பிக்கை எங்கே என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்தார். நான் காட்டிய இடத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது கால் மாதிரி இருக்கு." ஒரு டீ குடித்தார். ஆறிவிட்டது என்று இன்னொரு டீ சொன்னார். மருமகள் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தாள். தலையாட்டி யானையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

எனக்கு மூக்கில் வேர்த்தது. டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரு மணின்னியே, கொஞ்சம் முன்னாடியே தண்ணி ஏறாதா?"

"எதுக்கும்மா?"

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டு அவகூட ஓடி நான் ஜெயிக்கவா? அவ ஜெயிச்சா என் பிள்ளை ஊரை விட்டே போயிடுவான். அவனுக்குப் போக மனசே இல்லம்மா. அவ இழுக்கிறா, இவன் வாய் செத்தவன்." கண் கலங்கிவிட்டது. டீ கிளாஸால் மறைத்துக்கொண்டார்.

ஒரு பெண்ணின் வேலை, ஒரு தாயின் பிள்ளை, இரண்டும் என் வாய்க்கொழுப்பில் வந்து தொங்குகின்றன. உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன்.

"அம்மா, அந்தக் கதையெல்லாம் நம்பாதீங்க. அது நானா கட்டிவிட்டது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போம்மா. அது ராஜா காலத்துக் கதை. உனக்கு என்ன வயசு?"

நான் டீக்காசைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

அலை அடித்தால் பாறைத் துளை வழியாக நீர் பீறிடும் இடத்தில் மருமகள் காரை விட்டு இறங்கவே இல்லை. "இங்கேருந்தே தெரியுது, அருமையா இருக்கு, கிளம்பலாம்." வளைவுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. வளைவின் அடியில் தண்ணீர் கணுக்காலைத் தொட ஆரம்பித்திருந்தது.

மருமகள் செருப்பைக் கழற்றிப் போட்டாள். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் சொருகினார். முட்டி வலியாவது ஒன்றாவது, விறுவிறுவென்று நடந்தார். மருமகள் ஓடினாள், ஓடியவள் பாசியில் வழுக்கிப் பாறையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வளைவின் வாயில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "பார்த்து வாங்க அத்தை", "நீ பார்த்து வாம்மா" என்று மரியாதை குறையாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியே நில்லுங்க! ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா இருக்கீங்க. அந்தப் பக்கத்திலேருந்து ஒரு போட்டோ" என்று போனை உயர்த்திப் பிடித்தபடி தலையாட்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். நாலே எட்டு. அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றான். "ம், சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பெண்களும் அவனுடைய கால்களையே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் தாண்டிட்டான்" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை. அவர் பேச்சுதான்."

"சரி, நீயே சொல்லுடா. போறதா, வேண்டாமா?"

அவன் திருதிருவென்று விழித்தான். தலையாட்டிப் பார்த்தான், அந்தக் கேள்விக்கு அது உதவவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசி..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லுடா!" "சொல்லுங்க!"

தண்ணீர் அவன் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. "எனக்குப் போகணும்மா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் வளைவுக்குள் அது நன்றாகவே கேட்டது.

அந்த அம்மாள் பாறையில் சாய்ந்துகொண்டார். ஜெயிக்க வந்த முகம் சட்டென்று இறங்கிவிட்டது. "இவ இழுக்கிறான்னு நெனச்சேன். இவகிட்ட சண்டை போடலாம். நீயே போகணும்னா நான் யார்கிட்டப் போடுறது?"

மருமகள் அவர் கையைப் பிடித்து மேட்டுக்குக் கூட்டி வந்தாள். அவன் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தான். மருமகள் கழற்றிப் போட்ட செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பிறகு மாமியார் கேட்டார். "அங்கே நான் வந்தா தங்க ஒரு ரூமாவது இருக்குமா?"

"இனிமேதான் அத்தை வீடே பார்க்கணும்."

"மூணு ரூம்மா" என்றான் அவன், பேன்ட்டைப் பிழிந்தபடி. "தரைத்தளம். உனக்குப் படி ஏற வேண்டாம். சமையலறைதான் கொஞ்சம் சின்னது."

மருமகளின் கையிலிருந்து செருப்பு விழுந்தது. மாமியார் மெல்ல நிமிர்ந்தார்.

"நீ எப்போடா போய்ப் பார்த்தே?"

"என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவன் வழக்கம்போல் தலையாட்டினான். திரும்பி வரும்போது பின் சீட்டில் இரண்டு பேரும் நடுவில் நெருங்கி உட்கார்ந்து, முன் சீட்டை நோக்கிக் கேள்வி மேல் கேள்வியாகப் போட்டார்கள். வழி முழுக்க எனக்கு எந்த இடத்தையும் விளக்குகிற வேலையே வரவில்லை.