நெப்டியூன் மேஜை

வானியல் சங்கத்தின் விடுமுறை விருந்தில் எட்டு மேஜைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகத்தின் பெயர். மேடையருகே தலைவருக்குத் தனி மேஜை. அதன் நடுவில் வைத்த ஆரஞ்சுப் பழம்தான் சூரியன். வானத்தைப் பார்க்கிற சங்கத்தில் மேல்கீழ் பார்ப்பதற்கும் குறைச்சல் இல்லை. தலைவருக்கு வேண்டியவர்கள் புதனிலும் வெள்ளியிலும் உட்காருவார்கள். தையல்காரிக்கு ஆறு வருடமாக நெப்டியூன்தான், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி. பரிமாற ஆள் குறைந்தால் முதலில் எழுப்பப்படுவதும் அவள்தான்.

இந்த வருடம் சூரியக் குடும்பம் பற்றிப் பேச அவளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து, கணக்குப் போட்டு அளந்து, ஒரு கண்டு சிவப்பு நூலில் கிரகத்துக்கு ஒன்றாக எட்டுப் பொத்தான் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியரான தலைவர், இரண்டு வார்த்தை என்று எழுந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். மேஜைகளை வரிசையாகக் காட்டி, "பாத்தீங்களா, சூரியக் குடும்பமே இந்த ஹாலுக்குள்ள அடங்கிடுச்சு," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நேரமாயிடுச்சும்மா. உன் பேச்சை அடுத்த வருஷம் வச்சுக்கலாம். இப்ப அந்த ஐஸ்கிரீமைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடு."

போன வருடமும் இதே அடுத்த வருடம்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட வந்திருந்த நாத்தனார் கையைப் பிடித்தாள். "விடுங்க அண்ணி, பெரியவர்கிட்ட எதுக்கு வம்பு?"

"ஆறு வருஷமா விட்டுட்டுதானே இருக்கேன்."

நேரே போய், தலைவர் மேஜையின் காலில் நூல் முனையைக் கட்டினாள். "சூரியன் இந்தப் பழம் அளவுன்னா மத்ததெல்லாம் எங்க இருக்கும்னு அளந்து கொண்டாந்திருக்கேன் சார்," என்று கண்டைப் பிரித்துக்கொண்டே நடந்தாள். ஏழரை மீட்டரில் பூமிப் பொத்தான். "ஊசிமுனை அளவுதான் நாம." செவ்வாய்ப் பொத்தான் விழுந்த இடத்தில் சனி மேஜை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பஸ் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஹால் முடிஞ்சுபோச்சு சார். வியாழன் இன்னும் வரலை."

"போய் உன் இடத்துல உக்காரு," என்றார் தலைவர்.

"அங்கதான் போறேன். என்னை நெப்டியூன்லதானே போட்டிருக்கீங்க? அது இருநூத்து இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி இருக்கு. அங்க போய்ப் பேசறேன். கேக்கறவங்க வரலாம்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். யாரும் வராவிட்டாலும் சுவரைப் பார்த்தாவது பேசிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் வியாழன், மருந்துக்கடை வாசலில் சனி. தபால்பெட்டியருகே யுரேனஸைத் தாண்டும்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஓட்டுநர், நாத்தனார், புதன் மேஜைக்காரர்கள்கூட ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார்கள்.

கடைசிப் பொத்தான் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றது. பெஞ்சின் மேல் ஏறிப் பேசினாள். அங்கிருந்து பார்த்தால் ஹாலே தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது.

பாதிப் பேச்சில் செயலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "தலைவர் எல்லாரையும் உடனே உள்ள வரச் சொல்றார்."

"சூரியனோட வெளிச்சமே நெப்டியூனுக்கு வந்து சேர நாலு மணி நேரம் ஆகுதுங்க," என்றாள் தையல்காரி. "அவர் உத்தரவு மட்டும் அதுக்குள்ள வந்துடுமா? உக்காருங்க. எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

செயலாளர் உட்கார்ந்தார்.