இரண்டு சட்டித் தீவனம்

காமாட்சி லாரியின் முன்கூண்டை மூன்று முறை ஓங்கித் தட்டினாள்.

"ரொஜே, நிறுத்து. ஓரமா நிறுத்து."

கரும்பை உரசிக்கொண்டு லாரி நின்றது. பின்புறம் நாற்பது அட்டைப்பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பையில் கொஞ்சம் தண்ணீர், நிறைய ஆக்ஸிஜன், ஐந்நூறு திலாப்பியா மீன்குஞ்சுகள். மேலே ஈரச் சாக்கு. பெட்டிகளுக்கு நடுவே, தார்ப்பாய் நிழலில், குளத்துக் காவலாளி சின்னன். நாற்பத்தெட்டு வயது. வெறுங்காலோடு சேற்றில் திரிகிற மனிதர் இன்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவில் இருந்தார்.

"திருப்பிச் சொல்லுங்கண்ணே. நேத்து சாயந்தரம் என்ன செஞ்சீங்க?"

"தீவனம் போட்டேன் மதாம்."

"எவ்வளவு?"

"ரெண்டு சட்டி. எப்பவும் போல."

காமாட்சி ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

பயணம் போகும் மீன் பட்டினி கிடக்க வேண்டும். ஒரு நாளாவது. தின்ற மீன் பைக்குள் கழியும். கழிந்தால் தண்ணீர் விஷமாகும். விமானம் அக்கரையில் இறங்கும்போது பைக்கு ஐந்நூறு குஞ்சும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும்.

பண்ணை மேற்பார்வையாளரான அவள் இதை முந்தாநாளே சொல்லியிருந்தாள். ஆனால் சொன்னது பண்ணை வேலையாள் விநாயகத்திடம். நேற்று அவள் கியூர்பிப் நகரத்து அலுவலகத்தில் மீனுக்கான சுகாதாரச் சான்றிதழுக்காகக் காத்துக் கிடந்தபோது, விநாயகம் வேலைக்கே வரவில்லை. இந்த ஆண்டில் ஸ்வெட்டர் ஃபேக்டரிக்கு ஓடிய ஐந்தாவது ஆள் அவன்.

ரொஜே இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு சிகரெட் பற்ற வைத்தான்.

"நீங்க காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கீங்க. இந்த மீனால ஒரு நாள் முடியலையா?"

"சிரிக்காதே. மணி என்ன?"

"ஒன்றரை. மூணு மணிக்கு சரக்கு கவுன்ட்டர் மூடிடுவான்."

சுரினாம் ஊரிலிருக்கும் பண்ணைக்குத் திரும்பித் தண்ணீர் மாற்றி, மறுபடி ஆக்ஸிஜன் நிரப்பினால் விமானம் போய்விடும். அடுத்தது அடுத்த வாரம்; அதுவும் புயல் வராமல் இருந்தால். பையை இங்கேயே அவிழ்த்துப் பார்க்கலாமென்றால், அவிழ்த்த பைக்கு ஆக்ஸிஜன் இல்லை. சிலிண்டர் பண்ணையில்.

முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல் சரக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். இல்லையென்றால் குளத்தை மண் போட்டு மூடி, தையல் மிஷின் ஷெட்.

"ஒண்ணும் ஆகாது மதாம்," என்றார் சின்னன், ஷூ நுனியைப் பார்த்தபடி. "பேசாம அனுப்புங்க. நான் சொல்றேன் இல்ல."

"நீங்க சொன்னா மீன் கேட்குமா அண்ணே?"

சின்னன் ஈரச் சாக்கை இழுத்துச் சரிசெய்தார்.

வழியில் ரோஸ் பெல் ஊரில் லாரி மாட்டிக்கொண்டது. ஃபேக்டரி ஷிஃப்ட் விட்டு, பஸ்களும் பெண்களும் சாலையை அடைத்திருந்தார்கள். கூட்டத்தில் விநாயகம், கையில் டிபன் டப்பா, முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"தீவனம் போடக்கூடாதுன்னு சின்னன்கிட்டச் சொன்னியா?" காமாட்சி லாரியிலிருந்தே கத்தினாள்.

விநாயகம் நாக்கைக் கடித்தான். "மறந்தே போச்சு மதாம்." பஸ் அவனை விழுங்கிக்கொண்டு நகர்ந்தது.

மிச்சமிருந்த ஒரு நூல் நம்பிக்கையும் அறுந்தது.

"சொல்லாம விட்டுடுங்க," ரொஜே கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "அங்கே போய்ச் செத்தா விமானத்துல செத்ததுன்னு ஆகிடும்."

பிளேசான்ஸ் விமான நிலையம் வரை அவள் அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். இரண்டு முறை, சொல்லாமல் விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தாள்.

சரக்கு வாசலில் மீன்வள அதிகாரி ஒருவர் காத்திருந்தார். கடலே இல்லாத ஏரி நாட்டிலிருந்து மீனை அழைத்துப் போக வந்தவர். லாரியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். மனிதருக்கு மரியாதை செய்கிற மாதிரி.

"வறட்சியில எங்க ஏரி பாதியாச் சுருங்கிடுச்சு," என்றார் பிரெஞ்சில். "தாய் மீனெல்லாம் போச்சு. இறைச்சி எங்க ஆளுங்களுக்குப் பண்டிகைச் சாப்பாடு. மீன்தான் அன்றாடம். சுத்துப்பட்ட நாடுகள்லயும் அதே கதை. இந்த மீனோட பாட்டன் எங்க கண்டத்துல இருந்து இங்க வந்தவன், தெரியுமா? இப்பப் பேரன் ஊர் திரும்பறான்."

ரொஜே கண்ணைச் சிமிட்டினான். சொல்லாதே என்று அர்த்தம்.

"மிஸ்யே," என்றாள் காமாட்சி. "மீனுக்கு நேத்து சாயந்தரம் தீவனம் போட்டுட்டாங்க. தப்பு என்னோடது."

அதிகாரி தொப்பியைத் திரும்ப மாட்டினார். நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி, பையை அவிழ்த்தார். முகர்ந்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் நாலு குஞ்சுகளை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். விரற்கடை அளவுக் குஞ்சுகள். தின்றிருந்தால் வயிற்றில் கறுப்பு நூல் மாதிரி தெரியும்.

டம்ளரைத் திருப்பினார். இன்னொரு பையை அவிழ்த்தார். அப்புறம் மூன்றாவது.

காமாட்சி முருகனைக் கூப்பிட்டாள். வாய் திறக்காமல்.

"மதாம், நீங்களே பாருங்க."

அவள் குனிந்தாள். வயிறுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒரு பருக்கை இல்லை.

"ஒரு நாளைக்கு மேலயே பட்டினி," என்றார் அதிகாரி. "இவ்வளவு சுத்தமாப் பட்டினி போட்ட சரக்கை நான் பார்த்ததில்லை. அவிழ்த்த மூணு பை உங்களோட திரும்பட்டும். முப்பத்தேழு எனக்கு. ஏத்துங்க."

நாலு மணிக்கு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியது. கம்பி வேலியோரம் நின்று, அது மேகத்துக்குள் போகும்வரை மூவரும் பார்த்தார்கள். காமாட்சி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. ரொஜே கொடுத்த பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்து, வேலியில் நெற்றியைச் சாய்த்துச் சிரித்தாள். அடக்க முடியவில்லை. ரொஜேவுக்கும் தொற்றிக்கொண்டது.

சின்னன் மட்டும் சிரிக்கவில்லை.

காமாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ஷூவைப் பார்த்தாள். பாலிஷ் மேலே மெல்லிய கடற்கரை மணல். சுரினாம் குளத்தில் ஏது அது?

"அண்ணே, உங்க ரெண்டு சட்டித் தீவனம் எந்த மீனோட வயித்துக்குப் போச்சு?"

சின்னன் வேலிக்கம்பியைத் தடவினார்.

"நேத்து சாயந்தரம் நான் பண்ணையிலேயே இல்லை மதாம். கடற்கரை ஹோட்டல்ல தோட்டக்காரன் வேலை இருக்குன்னாங்க. கேட்கப் போனேன். வயசாயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காலையில அதே ஷூவோட நேரா வேலைக்கு வந்துட்டேன். தீவனம் போடலைன்னு சொன்னா, எங்கே போனேன்னு கேட்பீங்களே."