கார் கதை

அயர்லாந்தின் ஸ்லைகோ ஊர்த் தேவாலயத்தின் பின்கூடத்தில், குடியை விட்டவர்களின் ஞாயிறு நண்பகல் கூட்டம். ஃபின்டன் குடியை விட்டு அன்றோடு ஐந்து வருடம். அந்த நாளில் மட்டும் குடும்பத்தாரை அழைத்து வரலாம். அவருக்கு இருந்தது மகள் ஓர்லா ஒருத்திதான். மூன்று முறை கேட்ட பிறகு டப்ளினிலிருந்து வந்திருந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தான் மாறிவிட்டதை அவள் ஒரு முறை பார்த்தால் போதும் என்றிருந்தார்.

எழுந்து நின்றார்.

"என் பேரு ஃபின்டன். நான் குடிகாரன்."

"வணக்கம், ஃபின்டன்" என்றது கூடம்.

குடியால் வேலை போனதைச் சொல்ல நினைத்து வந்திருந்தார். தொடங்கி இரண்டு வாக்கியம் ஆகவில்லை. தேநீர் மேசையருகே இருந்த மலாக்கி குரல் கொடுத்தார். ஐந்து வருடக் கூட்டாளி. கடைசி வரிசையில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது.

"யோவ், அழுமூஞ்சிக் கதை யாருக்கு வேணும்? கார் கதைய எடுத்து விடுய்யா!"

"இன்னிக்கு வேணாம், மலாக்கி."

"அப்ப நான் சொல்றேன். ஐயா மதுக்கடைக்குக் கார்ல போனாரு. மூக்குமுட்டக் குடிச்சிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்ட்டாரு. காலைல பாத்தா வாசல்ல காரக் காணோம். நேரா போலீஸ் ஸ்டேஷன். கார் திருடு போச்சுன்னு புகார். உள்ள விலையுள்ள பொருள் ஏதாவது இருந்துச்சான்னு அவங்க கேக்குறாங்க..."

"ஒண்ணுமில்லீங்க!" என்று கூடமே சேர்ந்து சொன்னது.

"பின்சீட்ல இவர் பொண்ணு! ஏழு வயசு!"

சிரிப்பு கூரைவரை போனது. அந்தப் பதிலை இவர்களுக்குப் பழக்கியவர் ஃபின்டன்தான். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இங்கே எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. சிரிக்காமல் அதைச் சொல்ல முடியாது.

ஃபின்டன் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா."

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. மலாக்கி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ராத்திரி பூரா அவ என்ன பண்ணான்னு எனக்குத் தெரியாது. கேட்டதே இல்ல."

ஓர்லா உட்கார்ந்தபடியே பேசினாள்.

"ஹாரன் அடிச்சேன். மதுக்கடைலேருந்து ஒருத்தர் வெளிய வந்தாரு. சத்தம் போடாதேன்னு திட்டிட்டு உள்ள போய்ட்டாரு."

"யாரு?"

"நீங்கதான்பா."

ஃபின்டன் மனதுக்குள் தேடிப் பார்த்தார். மதுக்கடை நினைவிருந்தது. மழை நினைவிருந்தது. வெளியே வந்தது நினைவில் இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஹாரன் அடிக்கல."